ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்

என் பெயரில் நிலம் இல்லை, வீடு இல்லை, பாங்குக் கணக்கு இல்லை. ஒரு கார் மட்டும் இருந்தது. அதை எனக்கு ஓட்டத் தெரியாது. முன் இருக்கையில் உட்கார்ந்ததுகூட இரண்டு முறையோ மூன்று முறையோதான்.

என் வீட்டுக்காரர் கொடைக்கானலில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். 1950களின் கடைசியில், சொந்தமாக ஒரு பழைய கறுப்புக் கார் வாங்கலாம் என்று முடிவானதும் பழனியில் ஒரு ஜோசியரைப் பார்க்கப் போனோம். இவருக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். "இரும்பு ஒங்க பேருல வேணாங்க. சம்சாரம் பேருல எழுதிருங்க" என்றார் ஜோசியர். அப்படித்தான் நான் வண்டி முதலாளி ஆனேன். இவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். இத்தனைக்கும் நான் மிஷன் பள்ளியில் தையல் டீச்சர், இங்கிலீஷும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ஆனாலும் எதையும் படித்துப் பார்க்காமல்தான் போட்டேன்.

நான்கு வருடம் அந்த வண்டி மலை ஏறி இறங்கியது. ஒரு கீறல் கிடையாது. மழைக்காலத்தில் மற்ற வண்டிகள் வழியில் நின்று ஆவி விட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கும். இவர் நிதானமாக ஓட்டுவார், பிரேக்கை வாரம் ஒருமுறை பார்ப்பார், அதுதான் காரணம். ஆனால் பஜாரில் அதையெல்லாம் யார் பேசுகிறார்கள்? டீச்சர் பேர் ராசியான பேர் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு இவருக்கு இடுப்பு வலி வந்தது. மலைச்சாலையில் ஓட்ட முடியவில்லை. பூம்பாறையிலிருந்து ஒரு பூண்டு வியாபாரி வந்து வண்டியைக் கேட்டார். வெற்றிலைத் தட்டில் பணத்தை வைத்துக் கொடுத்தார், இவர் சாவியைக் கொடுத்தார், விற்பனை முடிந்தது. ஒரு துண்டுச் சீட்டு எழுதவில்லை. நல்ல நேரத்தில் நாலு பேர் முன்னால் தட்டு மாற்றிய பிறகு சீட்டுக் கேட்டால் அவமரியாதை என்று இவர் நினைத்தார். கிளம்பும்போது வியாபாரி என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, ஒண்ணு கேப்பேன், மாட்டேன்னு சொல்லக் கூடாது. புஸ்தகத்துல ஒங்க பேரு அப்படியே கெடக்கட்டும். என் பேருக்கு மாத்தி, வண்டியோட ராசி போயிருச்சுன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். "மதுரை ஆபீசுக்கு அலையிற சோலியும் மிச்சம்" என்றார் இவர். வரியும் இன்சூரன்ஸும் என் பெயரிலேயே தான் கட்டிவிடுவதாக வியாபாரி சொன்னார், கட்டவும் செய்தார். அது மட்டுமில்லை, மாதா மாதம் ஒரு சின்னக் கூடைப் பூண்டு அனுப்பிவைத்தார், ராசிக்கு மரியாதையாக. நானும் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்துப் பெருமை அடித்துக்கொண்டேன். மூளை எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

இரண்டாவது வருடம், ஐப்பசி மழையில், பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில், வியாபாரியின் டிரைவர் மஞ்சு மூட்டத்தில் வேகமாக இறங்கியிருக்கிறான். ரோட்டோரம் ஜல்லி குவித்துக்கொண்டிருந்த கூலிக்காரப் பெண் ஒருத்தி மேல் வண்டி ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

போலீஸ்காரர் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பிள்ளைகள் பாதி தைத்த ரவிக்கைக் கையைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள்.

"அது பூண்டுக்காரர் வண்டிங்க" என்றேன்.

"புஸ்தகத்துல ஒங்க பேருல்ல இருக்கு" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் ரசம் சாதம் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். இவர் வாசலிலேயே மறித்துவிட்டார். "போனேன்னா நம்ம வண்டிதான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். பேசாம உள்ள போ." தூக்குச் சட்டியை அடுப்படியில் வைத்தேன். அந்தச் சாதத்தை நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை, அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இவர் பூம்பாறைக்கு மூன்று முறை போனார். வியாபாரி வீட்டில் இல்லை, இல்லை, இல்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த ஆள் போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: வண்டி டீச்சரம்மாவுடையது, நான் வாடகைக்கு எடுத்து ஓட்டினேன், வாடகையாக மாதா மாதம் பூண்டு கொடுத்தேன். பூண்டு வந்ததற்கு எங்கள் தெருவே சாட்சி. நான்தான் ஊரெல்லாம் கொடுத்து வைத்திருந்தேனே!

கால் போனவள் நஷ்டஈடு கேட்டு மதுரையில் வழக்குப் போட்டாள். எங்கள் வக்கீல் எல்லாக் காகிதத்தையும் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு விளக்கினார்.

"வித்துட்டோம்னு உண்மையச் சொன்னீங்கன்னா, இன்சூரன்ஸ் கம்பெனி கைய விரிச்சிரும். வித்த வண்டிக்கு ஒங்க பேர்ல இருக்கற பாலிசி செல்லாது. அந்தப் பூண்டுக்காரர் பேர்ல ஒரு செங்கல்கூட இல்ல, எல்லாம் மச்சினன் பேருக்கு மாத்தியாச்சு. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் கெடைக்காது. இல்லேன்னா தீர்ப்பு, புஸ்தகத்துல பேரு இருக்கற ஒங்க மேல திரும்பும். கட்ட வழியில்லாம வீட்ட விக்கணும்."

"நம்ம வண்டின்னு சொன்னா?"

"இன்சூரன்ஸ் கட்டிரும். ஆனா அது சத்தியம் பண்ணிச் சொல்ற பொய்ங்க. அதச் சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

இவர் என்னைப் பார்த்தார். எல்லாக் காகிதத்திலும் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டிய மனிதர், இந்த ஒரு இடத்தில் "நீயே முடிவு பண்ணிக்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சிரிக்கக்கூடச் செய்தேன். அதற்குப் பிறகு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக எட்டு மாதம் ஓடியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

சாட்சி சொல்லப் போன நாளில் கோர்ட்டு வராந்தாவில் அவளைப் பார்த்தேன். கம்பை மடியில் கிடத்தி, காலில்லாத பக்கம் சேலையை மடித்துச் செருகி உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என்னை நேராகப் பார்த்தாள். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

கூண்டில் ஏறினேன். இன்சூரன்ஸ் வக்கீல் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "அம்மா, வண்டியை அவருக்கு வித்துட்டீங்கதானே? பயப்படாம உள்ளதைச் சொல்லுங்க." அந்த மண்டபத்தில் உண்மையை நம்பத் தயாராக இருந்தவர் அவர் ஒருத்தர்தான். நான் உண்மை பேசினால் லாபமும் அவர் கம்பெனிக்கு மட்டும்தான்.

"இல்லைங்க. வண்டி என்னோடதுதான்" என்றேன்.

அவர் எப்படியெல்லாமோ மடக்கிப் பார்த்தார். நான் பூண்டையும் வாடகை என்றே சொன்னேன். கால் போனவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வயதாகிவிட்டது, எனக்கே பொய் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. பாதி அவளுக்காக, பாதி வீட்டுக்காக.

கம்பெனி பணம் கட்டியது. அதற்கு அடுத்த வாரமே வியாபாரி, முன்பக்கம் நசுங்கிய காரை லாரியில் கட்டி இழுத்துவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டார். "அம்மா வண்டி அம்மாகிட்டயே இருக்கட்டும்" என்று ஆள்தான் வந்து சொன்னான், அவர் வரவில்லை. ஆள் அடிபட்ட வண்டியை யாரும் வாங்கவில்லை. கோர்ட்டில் என்னுடையது என்று சொல்லிவிட்டு வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. வாசலிலேயே கிடந்து துருப்பிடித்தது. வீட்டுக்குள் போகவும் வரவும் அதை ஒட்டித்தான் ஒதுங்கி நடக்க வேண்டும்.

அவள் வந்த பணத்தில் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு சின்னக் கடை வைத்தாள், வேகவைத்த கடலையும் டீயும். நான் பள்ளிக்கு வேறு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். ஒருநாள் மழைக்கு முன்னால் சீக்கிரம் போக வேண்டியிருந்ததால் அந்த வழியே வந்துவிட்டேன்.

"டீச்சரம்மா" என்று கூப்பிட்டாள். நின்றேன்.

"வண்டி ஒங்களோடதுதான?"

"ஆமா."

"பணம் வந்துச்சு. கடை போட்டுட்டேன், அதுல குறை ஒண்ணும் இல்லைங்க." கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே பேசினாள். "ரெண்டு மாசம் ஆசுபத்திரில கெடந்தேன். ஒங்க வண்டின்னா, ஒரு நாளாச்சும் வந்து எட்டிப் பாத்திருக்கலாம்ல?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அது என் வண்டி இல்லை என்பதுதான் அந்தப் பதில்.

"தப்புத்தாம்மா" என்றேன். பொட்டலத்தை நீட்டினாள். காசு வாங்கவில்லை.