ஊருக்குத் தெரிந்தே கடலுக்குப் போனேன்

என் மகள் பாய்மரப் படகு வாங்கியபோது எங்கள் வீட்டில் ஒருவரும் சந்தோஷப்படவில்லை. கோவளம் கரையில் யாரோ வைத்திருந்த பழைய படகு. மீன் பிடிக்க இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா போய்வரத்தான். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் என் மகன், தங்கைக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றான். நானும் ஏறப்போகிறேன் என்றதும் எனக்கும் பித்துதான் என்று முடிவு கட்டினான்.

அவள் பிறந்ததே பிடிவாதத்தில்தான். மகனுக்குப் பிறகு பல வருஷம் பிள்ளை இல்லாமல், வரம் கேட்டு திருப்புட்குழி கோயிலில் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுத்தேன்; அது முளைத்தால் பிள்ளை உண்டு என்பார்கள். விடியும்போது முளை விட்டிருந்தது. வறுத்த பயறு முளைத்துப் பிறந்தவள் யார் பேச்சைக் கேட்பாள்? சரி, கதைக்கு வருகிறேன்.

பெரிய கப்பல்கள் போகிற கடல் அது, கப்பல் காட்டும் கருவி இல்லாமல் அம்மாவை ஏற்றமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். மகனும் கூட வர, மூன்று பேரும் பாரிமுனையில் கப்பல் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். எனக்கு எழுத்துதான் தெரியாது, சொன்னால் புரியும். ஒன்றுக்குக் காது மட்டும்தான். சுற்றிலும் உள்ள கப்பல்களை நமக்குக் காட்டும், நம்மை அவர்களுக்குக் காட்டாது. இன்னொன்றுக்கு வாயும் உண்டு. படகின் பெயர் என்ன, எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கரையில் இருப்பவர்கள்கூட அதைக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்று அவர் பெருமையாகச் சொன்னதுதான் வினை.

மகன் முதல் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான்.

“இதுவே போதும்மா. படகுக்கு அப்பா பேரு வேற வெச்சிருக்கா. அவரு போன அப்புறம் நீ கடல்ல சுத்திக்கினு இருக்கறத ஊரே பாக்கணுமா?”

“கப்பல்காரன் கண்ணுக்குத் தெரியாம போயி அவன் நம்ம மேல ஏத்திட்டா, அப்ப மட்டும் ஊருக்குத் தெரியாதா? சாமியே பொறப்பட்டா முன்னாடி திருச்சின்னம் ஊதிக்கினுதான் வரார். நான் ஏன்டா ஒளிஞ்சிக்கினு போணும்?”

கடைக்காரர் சிரித்துக்கொண்டே இரண்டாவது பெட்டியைத் திறந்தார். மகள் போன் பேச வெளியே போயிருந்தாள். படகின் பெயரை ஏற்ற வேண்டும், சொல்லுங்கள் ஆயா என்று என்னைக் கேட்டார். மகன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் சொல்லமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். எங்கள் வீடுகளில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பக்கத்தில் நிற்பவர்கள்தான் எனக்காகச் சொல்வார்கள். அவருக்குப் பெருமாள் பெயர் என்பதால் பெருமாளையும் நான் ‘சாமி’ என்றுதான் கூப்பிட்டு வந்தேன்.

“சொல்லும்மா, பாக்கலாம்” என்றான் மகன், மீசைக்குள் சிரித்தபடி.

சொன்னேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. கடைக்காரர் என்ன என்றார். இரண்டாம் தடவை கடையில் கயிறு அளந்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். என் காது சுட்டது. ஆனால் கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. மகன் எழுந்து போய், அப்பா கையெழுத்துப் போட்ட மாதிரியே எழுத வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தாகக் கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தான்.

அடுத்த வாரம் படகில் முன்னால் உட்கார்ந்தேன். உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது, புடவையெல்லாம் நனைந்தது. தூரத்தில் வந்த ஒரு சரக்குக் கப்பல் மெல்ல வழி மாறிப் போனது. நம்மைப் பார்த்துத்தான் திருப்பினான் என்றாள் மகள். எனக்கு ஒரே பெருமை. அப்போது மகனிடமிருந்து போன் வந்தது.

“போதும்மா, திரும்பு. ரொம்ப தூரம் போயிட்டீங்க. கடையில நாலு பேரு நின்னு கம்ப்யூட்டர்ல பாத்துக்கினு இருக்காங்க.”

“நிக்க வெக்காதடா, நாற்காலி போடு. நாங்க இன்னும் கொஞ்ச தூரம் போறோம்.”