வளர்மதியின் மூளைக்குள் ஒரு கூச்சல்

காலை மாத்திரையை நாக்கில் போட்டுத் தண்ணீர் குடித்த கையோடுதான் வளர்மதி முதல் ரவிக்கைக்கு அளவு எடுப்பாள். ஒளித்து விழுங்கும் பழக்கமில்லை. வெள்ளிமலைப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அவளுடைய தையல் கடை. "இன்னா மாத்திரை?" என்று யாராவது கேட்டால் போதும், நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள்.

"வலிப்புக்குங்க. மூளைல கோடிக்கணக்குல செல்லு இருக்குது. ஒண்ணை ஒண்ணு தொட்டுக்காது. நடுவுல துளியூண்டு சந்து. இந்தாண்ட செல்லு ஒரு ரசாயனத்தை வுடும், அந்தாண்ட செல்லு வாங்கிக்கினு சேதியைத் தெரிஞ்சிக்கும். எனக்குச் சில நேரம் எல்லாம் ஒரேடியா கத்துது. அவ்ளோதான்."

கள்ளக்குறிச்சி டாக்டரம்மா படம் போட்டு விளக்கியதை இப்படி ஊருக்கே உரக்கச் சொல்வாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், துணியும் கொடுத்தார்கள். அவளுக்கு வலிப்பு வந்து யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

போன மாதம் சந்தையில் பார்த்தார்கள். மழையில் மலைப்பாதை சரிந்து பஸ்ஸும் ஜீப்பும் ஓடவில்லை. கீழே போய் மருந்து வாங்க முடியாமல் மாத்திரை தீர்ந்திருந்தது. சாமை மூட்டைகளுக்கு நடுவே விழுந்தாள். கைகால் வெட்டி இழுத்தது. கண் விழித்தபோது உள்ளங்கையில் யாரோ திணித்த சாவிக்கொத்து, சுற்றிலும் எட்டி நின்ற கால்கள்.

"காத்து சேட்டை. கோயிலுக்கு இட்டுக்கினு போயி வேப்பிலை அடிங்க" என்றார் ஊர்ப் பெரியவர் சின்னதுரை.

கடிபட்ட நாக்கில் ரத்தம். அவமானத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. எழுந்து உட்கார்ந்து குழறியபடியே சொன்னாள்: "அடிச்சா வேப்பிலைதான் உதிரும். இது என் மூளைங்க. மருந்து இருக்குது, நான் பாத்துக்குறேன்." சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தாள்.

மறுநாள் மூன்று பெண்கள் கொடுத்த துணியைத் திரும்பக் கேட்டு வந்தார்கள். வளர்மதி மடித்து நீட்டினாள். "இது ஒட்டிக்கிற நோவு இல்ல. ரவிக்கை வழியா ஏறி வராது. அப்பவும் பயமா இருந்தா எடுத்துக்கினு போங்க." இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். நிர்மலா என்பவள் மட்டும் கையை நீட்டாமல் நின்றாள்.

அம்மா வெள்ளச்சி அழுதாள். "மிஷினை உள்ளாற தள்ளிப் போட்டுக்கடி. வுழுந்தாலும் எவ கண்ணுலயும் படாது."

வளர்மதி மிஷினை இரண்டு கையாலும் பிடித்து, சிமெண்டுத் தரையில் கறகறவென்று இழுத்துக்கொண்டு வந்து, ரோட்டைப் பார்த்து வாசலில் போட்டாள். உட்கார்ந்து, நிர்மலாவின் துணியை ஊசிக்கடியில் வைத்து, பெடலை மிதித்தாள்.