பல்லுக்காக ரயில் ஏறினவள்

எங்கள் தெருவில் பல்லுக்காக ரயில் ஏறிய முதல் ஆள் நான்தான். இன்றைக்கு இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அன்றைக்கு நாராயணவனத்து நெசவுத் தெருவில் பல் என்பது தானாக ஆடி, தானாக விழுந்து, கூரைமேல் போய்ச் சேருகிற சாமான். விழ அடம்பிடித்தால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலில் ஒரு முழம் எடுத்துக் கட்டி இழுப்பார்கள். அந்த வேலையில் என் அம்மா கைதேர்ந்தவள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பிடுங்கிவிடுவாள். அழ வேண்டும் என்று பிள்ளைக்கு நினைவு வருவதற்குள் பல் அவள் உள்ளங்கையில் இருக்கும். அப்படிப்பட்டவள், எனக்கு ஆறு வயது முடிகிற சமயத்தில் கீழ்வரிசை முன்பல் ஆட ஆரம்பித்ததும், நான் கை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"இது வேற மாதிரி ஆடுது. திருப்பதியில மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட காட்டணும்" என்றாள் நைனாவிடம், அதாவது என் அப்பாவிடம்.

நைனா தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து ஊடை நூல் ஓட்டும் நாடாவை வீசிக்கொண்டிருந்தார். "இன்னாமே, ஒரு பல்லுக்கு டாக்டரா? அது இன்னா யானத் தந்தமா?"

"ஈறு வீங்கிக்கினு கீது. சீழ் வச்சிச்சுன்னா கல்யாண வூட்ல இவள யாரு பாத்துக்கினு இருக்கறது?"

ஈறு வீங்கவில்லை. ஆனால் எனக்காக ஒருத்தர் வாதாடுகிறார் என்பதே பெருமையாக இருந்ததால், கன்னத்தை உப்பிக் காட்டினேன். கல்யாணம் என்ற சொல் வந்ததும் நைனா இறங்கி வந்தார். "போய்த் தொலைங்க. பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும்" என்றார்.

கல்யாணம் அக்காவுக்கு. மாப்பிள்ளை சித்தூரில் நூல் கடை வைத்திருந்தார். முதல் மனைவி தவறிப்போய், அக்காவைவிடப் பெரிய மகன் ஒருவன் இருந்தான். ஓட்டு வீடு, சொந்த வண்டி, வீட்டுக்குள்ளேயே கிணறு என்று நைனா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார். ஒரே ஒரு இடைஞ்சல். பதினாலு நிறையாத பெண்ணுக்குத் தாலி கட்டக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த காலம் அது. அக்காவுக்குப் பன்னிரண்டுதான். அதற்கென்ன, எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரே மாதத்தில் மூன்று வயது ஏறிவிட்டது. யார் கேட்டாலும் பதினைந்து என்று சொல்லும்படி எனக்கும் உத்தரவு. நானும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

புத்தூர் வரை மாட்டு வண்டி, அங்கிருந்து ரேணிகுண்டாவுக்கு ரயில், அங்கே இறங்கித் திருப்பதிக்கு வேறு ரயில். வழியெல்லாம் நான் வாயைத் திறந்தபடியே இருந்தேன். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் என் பல்லைப் பார்த்தாக வேண்டுமே. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு தெலுங்கு அம்மாள் பார்த்துவிட்டு, "இதி பால பன்னே கதா, அதே ஊடிபோதுந்தி" என்றாள். பால் பல்தானே, தானே விழுந்துவிடும் என்று அர்த்தம். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் என் மோவாயைப் பிடித்து நிறுத்தி, "நாக்கால தள்ளிக்கினே இருக்காதடி. அங்க போய்ச் சேர்ற வரைக்கும் வுழக்கூடாது. வுழுந்துச்சுன்னா உன்ன இங்கியே வுட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள். அவள் கண்ணில் நிஜமான பயம் தெரிந்தது. என் பல்மேல் அவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று உருகிப்போனேன். மீதி வழி முழுக்கக் கீழுதட்டால் பல்லைத் தாங்கிக்கொண்டே போனேன். பசித்தது, ஒன்றும் தின்னவில்லை.

டாக்டரம்மா வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். வேலூர் பக்கத்துத் தமிழ் மனுஷி. ஒரு பெண்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருக்க, வேட்டி கட்டின ஆண்கள் எதிரே நின்றுகொண்டு பேசுவதை அன்றுதான் முதலில் பார்த்தேன். என் வாயைத் திறக்கச் சொன்னாள். துணித்துண்டால் பல்லைத் தொட்டாள். அவ்வளவுதான், பல் கையோடு வந்துவிட்டது.

"ஏம்மா, ரயில்ல ஒரு தும்மல் போட்டிருந்தா இது விழுந்திருக்குமே. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று சிரித்தாள். டாக்டரம்மா பல்லைத் திருப்பி எனக்குக் காட்டினாள். "பாரு, வேரே இல்லை. வெறும் தொப்பி. வேர் எங்க போச்சு சொல்லு?"

அதுவரை பல்லுக்கு வேர் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

மேசைமேல் ஒரு தாடை இருந்தது. சுண்ணாம்பு மாதிரி எதிலோ செய்தது. அதன் பக்கத்து எலும்பை வெட்டித் திறந்த மாதிரி வைத்திருந்தார்கள். வெளியே சின்னப் பிள்ளையின் பல்வரிசை. எலும்புக்கு உள்ளே அதன் அடியிலேயே இன்னொரு வரிசை, பெரிது பெரிதாக, கூப்பிடுவதற்குக் காத்திருக்கிற மாதிரி ஒடுங்கிக் குந்தியிருந்தது. என் வாய்க்குள்ளும் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ கோயில் பார்த்துவிட்டேன், கோபுரம் பார்த்துவிட்டேன். அந்தத் தாடையைப் பார்த்து நின்ற மாதிரி எதன் முன்னாலும் நின்றதில்லை.

அவள் சொன்னதெல்லாம் இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. பால் பல் மொத்தம் இருபதுதான். உருவம் சின்னது, நிறம் பால் வெள்ளை, மேலோடு மெல்லிசு. அதனால் சொத்தை சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். கடைவாய்ப் பால் பல்லின் வேர்கள் காலை அகட்டி நிற்கும். அந்தக் கால்களுக்கு நடுவில்தான் அடுத்த பல் வளரும். வளர வளர மேலே இருப்பதன் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். முழுக்கக் கரைந்ததும் ஆடும், விழும். புதிதாக வருவது கொஞ்சம் மஞ்சளாக, கெட்டியாக, நீண்ட வேரோடு வரும். முன்பல் என்றால் முதலில் விளிம்பு ரம்பம் மாதிரி இருந்து பிறகு தேய்ந்து நேராகும்.

அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "பழைய பாவு தறிய வுட்டு எறங்கறதுக்குள்ள புதுப் பாவு ரெடியாயிடுது."

"அதேதான்" என்று டாக்டரம்மா சந்தோஷப்பட்டாள். பிறகு என் வாயின் கடைசியில் விரலை வைத்தாள். "இதோ பாருங்கம்மா, ஆறு வயசில முளைக்கிற பல். இது எந்தப் பல்லையும் தள்ளிட்டு வரலை. காலி இடத்தில புதுசா வந்தது. இவ பிறக்கும்போதே எலும்புக்குள்ள கட்ட ஆரம்பிச்சது. நிறைய பேர் இதையும் பால் பல்னு நினைச்சுப் பிடுங்கிடறாங்க. போனா போனதுதான், மறுபடி வராது."

அம்மாவின் முகம் கறுத்தது. "அய்யய்யோ, எதிர்வூட்டுப் பையனுக்கு அதத்தான் புடுங்கிப்புட்டேன். மொளைக்கும் மொளைக்கும்னு அவங்க அம்மா பாத்துக்கினு கீறா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தெரியாம செஞ்சது. இனிமே செய்யாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அவளிடம் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

அம்மா அந்தச் சுண்ணாம்புத் தாடையின் உள்வரிசையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ ஒரு பொண்ணு வாயப் பாத்தே அவ வயசச் சொல்லிடலாமா டாக்டரம்மா?"

"கிட்டத்தட்டச் சொல்லலாம். பன்னிரண்டு வயசு வாக்கில கடைசியில இன்னொரு பல் வெளிய வரும். அந்தச் சமயத்திலதான் கடைசிப் பால் பல்லுங்களும் விழும். ஏன் கேக்கறீங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் பார்த்தாள். "கண்ணு, வெளிய போய் உப்புத் தண்ணியில வாய் கொப்பளி" என்றாள். நான் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொப்பளித்து முடித்துவிட்டேன். அவர்கள் பேச்சு முடியவில்லை. இன்னொரு சொம்பு கேட்டு வாங்கி அதையும் முடித்தேன். ஒரு பல்லைப் பற்றி இத்தனை பேச இருக்கிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட பல்லாக இருக்க வேண்டும்!

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை. பந்தல் போட்டாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. கிராம முன்சீப்பு, ஒரு போலீஸ்காரர், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வயதான டாக்டர் மூவரும் இறங்கினார்கள். பெண்ணுக்கு வயது போதாது என்று சித்தூர் கோர்ட்டுக்குத் தகவல் போயிருக்கிறதாம். டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் தாலியாம்.

"நிஜங்கா சொல்றேன் சார், பதினஞ்சு முடிஞ்சிச்சு" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. நானும் பின்னாலிருந்து "பதினஞ்சு!" என்று கூவினேன். யாரோ தலையில் குட்டினார்கள்.

அக்காவைக் கூடத்து வெளிச்சத்தில் உட்காரவைத்தார்கள். டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவள் வாய்க்குள் குனிந்தார். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மா மட்டும் தூணைப் பிடித்தபடி தரையைப் பார்த்தாள்.

"கடைவாயில் பால் பல் இருக்கிறது" என்றார் டாக்டர்.

சித்தப்பா விடவில்லை. "சில பேருக்கு அது வுழறதே இல்ல சார். எங்க பெரியம்மாவுக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணு இருந்துச்சு."

"இருக்கும். ஒன்று இருந்தால் உங்கள் பேச்சைக் கேட்பேன். இங்கே மூன்று இருக்கிறது, மூன்றும் ஆடுகிறது. அடுத்த கடைவாய்ப் பல் இப்போதுதான் ஈற்றைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. பன்னிரண்டு, மிஞ்சினால் பதின்மூன்று" என்று சொல்லிக் காகிதத்தில் எழுதினார்.

மாப்பிள்ளை வீட்டார் மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. அக்கா அழுதாள். கல்யாணம் நின்றதற்கு இல்லை, அவர்கள் கொண்டுவந்திருந்த அரக்குப் பட்டுப் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே என்றுதான். அவளுக்கு நான்கு வருஷம் கழித்து நகரியில் அவளைவிட ஐந்தே வயது மூத்த ஒரு பையனோடு கல்யாணம் ஆனது. நன்றாகவே வாழ்ந்தாள்.

நைனா போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள், என் மகளுக்குப் பல் ஆடியபோது, அம்மா தானாகவே சொன்னாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் பேசியது என் பல்லைப் பற்றி இல்லை. அவள் சொல்லச் சொல்லக் கேட்டு, கோர்ட்டுக்குக் கடிதம் எழுதிப் போட்டது அந்த டாக்டரம்மா. யார் சொன்னார்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாள். "நைனாகிட்டயே வேணாம்னு சொல்லி இருக்கலாமேம்மா" என்றேன். "மூணு தரம் சொன்னேன். மூணு தரமும் தறி ஓட்டிக்கினே இருந்தாரு" என்றாள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாத மனுஷி. சட்டத்தையும் பல்லையும் ஒரே பயணத்தில் படித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆனால் அந்தக் காலைநேரத்தில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஜட்கா தெருவைத் தாண்டியதும் நைனா பந்தல் காலை எட்டி உதைத்தார். "எவன் எழுதிப் போட்டான்? பல்லு வெவரம் தெரிஞ்ச எவனோ கூட இருந்துக்கினே செஞ்ச வேல இது. எவன்?" என்று கூரை அதிரக் கத்தினார். பல் விவரம் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்தது. தெருவில் அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர் யார்? முன்னால் போய் நின்று, "நைனா, எனக்குத் தெரியும்! திருப்பதி டாக்டரம்மா அம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. முழுசாக ஒரு அதிரசத்தை என் வாயில் திணித்தாள்.

சம்பந்தி வீட்டுக்கென்று அடுக்கி வைத்திருந்த அதிரசம் அது. இரண்டு நாளாகத் தொடவிடாமல் கையில் அடித்துக்கொண்டிருந்தாள். முன்பல் இல்லாத வாயால் கஷ்டப்பட்டு மென்று விழுங்கிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்ல மறுபடி வாயைத் திறந்தேன். இன்னொன்று வந்தது. கல்யாணம் நின்ற துக்கத்தில் அம்மாவுக்குச் சின்ன மகள்மேல் பாசம் பெருகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நைனா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கும் வரைக்கும், நான் வாயைத் திறக்கத் திறக்க, அவள் ஊட்டிக்கொண்டே இருந்தாள்.