பெட்டி வாசிக்கும் பாடம்

எங்கள் பள்ளியில் மற்ற ஆசிரியர்களையெல்லாம் பிள்ளைகள் 'ப்ரோஃபே' என்று கூப்பிடுவார்கள். ஆங்கிலம் நடத்துகிறவரை மட்டும் 'டீச்சர்' என்பார்கள். மெக்சிகோவில் எங்கள் சகாத்தேகாஸ் மாநிலம் முழுக்க அப்படித்தான். என் மனைவி எர்மீனியாவுக்கு அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் தோள் இரண்டும் லேசாக மேலே ஏறி இறங்கும். பின்னாலிருந்து யாரோ கல்லெறியப் போவதைப் போல.

பிப்ரவரியில் அவளை அடக்கம் செய்தோம். ஜெபமாலை சொல்ல வந்தவர்கள் அவள் பொறுமையைப் பேசினார்கள், அவள் வைக்கும் கள்ளிக் குழம்பைப் பேசினார்கள். அவளுடைய பயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அது வெளியே தெரியாதபடி அத்தனை வருடம் பார்த்துக்கொண்டாள்.

அவள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவள் அல்ல. தட்டச்சு சொல்லிக்கொடுக்க வந்தவள். ஒரு கோடை விடுமுறையில் அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். இயந்திரங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டார்.

"எர்மீனியா, இங்கிலீஷ் நடத்த ஆள் இல்ல. நீங்க எடுத்துக்குங்க."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே சார்."

"என்ன பெரிய விஷயம். நம்ம ஸ்பானிஷுக்கும் அதே எழுத்துதானே? இத்தனை வருஷமா அதைத்தானே தட்டுனீங்க."

அவர் வேடிக்கையாகச் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து சமையலறை நாற்காலியில் கைப்பையைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஏற்கவில்லை என்றால் மலைப்பக்கத்துப் பள்ளி எதற்காவது மாற்றிவிடுவார்கள். அங்கே போனவர்கள் மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வர முடியும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துத் தலைநகரத்துக்குப் போய்ப் படித்தாள். தட்டச்சு படித்தவள் படிக்கிற மாதிரியே படித்தாள். எது முதலில், எது பின்னால், எந்த விரல் எங்கே என்பதுபோல, இறந்தகாலத்துக்கு எது, நிகழ்காலத்துக்கு எது என்று மனதில் ஓர் இடம் ஒதுக்கிக்கொண்டாள். வீடு முழுக்கச் சொற்களை அட்டையில் எழுதி ஒட்டினாள். உப்பு டப்பா, கதவு, துடைப்பம். ஒருநாள் என் தொப்பியில் 'கணவன்' என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. அந்தத் தொப்பியோடு நான் ரொட்டிக்கடை வரை போய்விட்டு வந்திருந்தேன்.

"தெரு பூரா சிரிச்சிருக்கும்," என்றேன்.

"நல்லதுதான் கிழவா. யாருடைய ஆளுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

பத்தியைப் படித்துக் கேள்விக்குப் பதில் எழுதுவதில் அவள் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். முதலில் கேள்வியைப் படிப்பாள். அதிலுள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்திக்குள் இறங்குவாள். விரல் வரிமேல் நகர்வதைப் பார்த்தால் அவரையில் கல் பொறுக்குவதுபோல இருக்கும். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தாள். தேர்வுகளில் அவள் வகுப்பு நன்றாகவே எழுதியது.

உச்சரிப்புதான் வாயில் வரவில்லை. சனிக்கிழமை ஆசிரியரே எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போகாதவர். எழுதியிருப்பதை நம் ஊர் முறையில் ஒவ்வோர் எழுத்தாக உச்சரிப்பதுதான் அவளுக்குத் தெரியும். அது தவறு என்பது அவளுக்குத் தெரியும். எது சரி என்பது தெரியாது. அதனால் வகுப்பில் அவள் வாசிக்கவே மாட்டாள். சிடி போடுகிற பெட்டி ஒன்று வைத்திருந்தாள். பாடப் புத்தகத்தோடு வந்த சிடி சில பாடங்களுக்குத்தான் இருந்தது. அவற்றையே திரும்பத் திரும்பப் போடுவாள். "பெட்டி வாசிக்கும், கேளுங்க," என்பாள். கரண்ட் போனால் முகம் வெளுத்துவிடும். அன்று மட்டும் அவளே வாசிப்பாள், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு, வேகமாக. பிள்ளைகளும் அப்படியே திருப்பிச் சொல்வார்கள். சிடியில் இல்லாத பாடங்களை வேறு யார் வாசித்தும் கேட்காதவர்கள் ஆயிற்றே.

எல்லைக்கு அந்தப்பக்கம் அமெரிக்காவில் வேலைகள் நின்றுபோய்க் குடும்பங்கள் திரும்பி வரத் தொடங்கிய வருடம் அது. ஜோஸ்லின் அரெயானோ என்ற பெண் இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்தாள். அங்கே ஜார்ஜியா மாநிலத்தில் டால்ட்டனில் பிறந்தவள். அவள் அப்பா அங்கே கம்பள ஆலையில் வேலை செய்தவர்; சாலையில் போலீஸ் காரை நிறுத்திக் குடியேற்றக் காகிதம் கேட்டார்கள், இல்லை என்றதும் நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள். பெண்ணுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். பேச்சு ஸ்பானிஷ் வரும், எழுத வராது. வரலாற்றில், உயிரியலில் எல்லாம் மந்தம் என்று எழுதிவைத்தார்கள். என் புவியியல் வகுப்பில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் வாரம் கரண்ட் போனது. தீவில் வாழும் ஒரு மீனவனைப் பற்றிய பாடம், சிடியில் இல்லாதது. எர்மீனியா 'தீவு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை 'இஸ்லாந்த்' என்று வாசித்தாள். இரண்டாவது வரிசையிலிருந்து அந்தப் பெண் மெதுவாக, "ஐலண்ட்," என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

அன்று மாலை எர்மீனியா சாப்பிடவில்லை.

"எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க கிழவா. அந்தப் பொண்ணு ஊர்ல போய்ச் சொல்லுவா. அவங்கம்மா தலைமையாசிரியர்கிட்ட சொல்லுவாங்க."

"சின்னப் பொண்ணு. அவ என்ன செய்வா?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். வாயத் திறந்தாப் போதும்."

மறுநாள் அவளைக் கடைசி பெஞ்சுக்கு, ஜன்னல் ஓரம் மாற்றினாள். அதன்பின் அவளை எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் வாயைத் திறக்கவில்லை. மாதத் தேர்வில் இலக்கணப் பகுதியில் அவள் தோற்றுப்போனாள். வினையெச்சத்தையும் துணைவினையையும் அடிக்கோடிடச் சொன்னால் அவளுக்கு என்ன தெரியும்? அவற்றின் பெயரையே அவள் கேள்விப்பட்டதில்லை. எர்மீனியா அந்த மதிப்பெண்ணை என்னிடம் சொன்னபோது அவள் குரலில் ஒரு கணம் நிம்மதி தெரிந்தது. அடுத்த கணமே எழுந்து போய்க் கெமொமில் பூத் தேநீர் போட்டுக்கொண்டாள். மனசு சரியில்லாதபோதெல்லாம் அவள் குடிப்பது அது.

பெண்ணின் அம்மா லெயோபார்தா பள்ளிக்கு வந்தாள். நான் ஆசிரியர் அறையில் இருந்தேன். எர்மீனியா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மார்க்குக்காக வரல டீச்சர்," என்றாள் அந்த அம்மாள். "வீட்டுல தம்பிகிட்டக்கூட இப்ப இங்கிலீஷ் பேச மாட்டேங்கிறா. அவன் இங்கிலீஷ்ல கேட்டா இவ ஸ்பானிஷ்ல பதில் சொல்றா. முன்னெல்லாம் தூக்கத்துலகூட இங்கிலீஷ்தான். எனக்கு ஒண்ணும் புரியாது, ஆனா கேக்க நல்லாருக்கும். வகுப்புல அவளைக் கொஞ்சம் வாசிக்க விடுங்க டீச்சர். மறந்துடப் போறா."

"சரிங்க சென்யோரா. கட்டாயம்."

அந்த அம்மாள் போனபின் எர்மீனியா என்னைப் பார்த்தாள். நான் விடைத்தாள்களை அடுக்கத் தொடங்கினேன். அதன்பின்னும் அவள் அந்தப் பெண்ணை வாசிக்க விடவில்லை.

அக்டோபர் முடிவில் மண்டல இன்ஸ்பெக்டர் சமாரிப்பா வருகிறார் என்று தெரிந்தது. தட்டச்சு, தையல், தச்சு போன்ற பாடங்களிலிருந்து மாறி வந்தவர்களைத்தான் பார்க்கிறார். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒருத்தியை ஏற்கெனவே மலைக்கு அனுப்பியிருந்தார்கள். எர்மீனியா சிடியில் நல்ல பாடமாக ஒன்றைத் தேர்ந்து, எந்த இடத்தில் நிறுத்துவது, என்ன கேட்பது என்றெல்லாம் ஒத்திகை பார்த்தாள். எனக்கு மனப்பாடம் ஆகும் வரை அந்தப் பெட்டி எங்கள் சமையலறையில் பேசியது.

அன்று காலை காற்று. வடக்கிலிருந்து புழுதியோடு வந்தது. கொடியேற்றத்தின்போதே கம்பி எங்கோ அறுந்து கரண்ட் போய்விட்டது. தலைமையாசிரியர் என்னிடம், "லிப்ராதோ, உங்களுக்கு இப்ப வகுப்பில்லயே? இன்ஸ்பெக்டருக்கு ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போடுங்க," என்றார். போட்டுவிட்டுக் கதவோரமாக நின்றேன். வெளியே போகக் கால் வரவில்லை.

எர்மீனியா பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். கரண்ட் இல்லை என்று தெரிந்தே அழுத்தினாள்.

"விடுங்க டீச்சர்," என்றார் சமாரிப்பா. நல்ல மனிதர்தான். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து உயர்ந்தவர். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. ஆனால் இரண்டு பேர் ஒரே சொல்லை வேறு வேறு மாதிரிச் சொன்னால் கண்டுபிடிக்க மொழி தெரிய வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். "பெட்டி இல்லாம நடத்துங்க. நீங்க ஒரு தடவை வாசிங்க, அப்புறம் ஒரு பிள்ளை வாசிக்கட்டும்."

அவள் மீனவன் பாடத்தை எடுத்தாள். கரண்ட் போன நாட்களில் அவள் வாசித்து அதுதான் பிள்ளைகளுக்குப் பழக்கம். கரும்பலகையைப் பார்த்தபடி வாசித்தாள். சமாரிப்பா வருகைப் பதிவைப் புரட்டினார். அதில் பிறந்த ஊரும் இருக்கும்.

"அட, இங்க ஒரு அமெரிக்காக்காரி இருக்காளே. இவளே வாசிக்கட்டும். நமக்கும் கேட்டாப்ல இருக்கும்."

பையன்களிடையே ஒரு சலசலப்பு. செமா என்ற பையன் வாயில் எதையோ மெல்லுவதுபோலத் தாடையை ஆட்டிக் காட்டினான். "வாடி க்ரிங்கா, சூயிங்கத்தைத் துப்பிட்டு வாசி," என்று அமெரிக்காக்காரிகளைக் கேலி செய்யும் சொல்லால் யாரோ கிசுகிசுத்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் வாரம் அவர்கள் சிரித்தது எர்மீனியாவைப் பார்த்தல்ல, அந்தப் பெண்ணின் உச்சரிப்பைக் கேட்டு. பல வாரங்களாக அந்தப் பெண் நடைபாதையில் இதைத்தான் கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

எர்மீனியாவுக்கு அதெல்லாம் காதில் விழுந்திருக்காது. அவள் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும். முதல் வரியிலேயே அந்தச் சொல் இருந்தது.

ஜோஸ்லின் எழுந்தாள். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இஸ்லாந்த்," என்று வாசித்தாள்.

அப்படியே தொடர்ந்தாள். மீனவனின் கத்தியை எர்மீனியா 'க்னீஃபே' என்பாள். இவளும் க்னீஃபே என்றாள். எர்மீனியா மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கினாள். அவள் விழுங்குகிற எழுத்தை விழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் என் மனைவிதான் வாசிக்கிறாள் என்று நினைத்திருப்பேன். செமாவின் தாடை நின்றுபோயிற்று. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

"மீனவன் ஏன் வீட்டுக்குத் திரும்பல?" என்று ஸ்பானிஷில் கேட்டார் சமாரிப்பா.

அவள் விரலை வரிமேல் நகர்த்தித் தேடி, கண்டுபிடித்துச் சொன்னாள். "படகு உடைஞ்சுபோச்சு சார்."

"பேஷ். அங்க பொறந்த பொண்ணும் அப்படியே வாசிக்கிறா, டீச்சரும் அப்படியே வாசிக்கிறாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" அவர் எதையோ எழுதிக் கையெழுத்திட்டார். "எல்லாரையும் மலைக்கு அனுப்பத்தான் நான் வர்றேன்னு பேசிக்கிறாங்களாம். பாத்தீங்களா?"

அவரை வாசல் வரை வழியனுப்பிவிட்டு நான் திரும்பியபோது இடைவேளை மணி அடித்திருந்தது. எர்மீனியாவின் முகத்தில் நிம்மதி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் வாசலில் நின்று என் சட்டைக்கையைப் பிடித்தாள்.

"கிழவா, அவ நடிச்சாளா?"

"பின்ன?"

"நடிக்கலைன்னா? நெஜமாவே மறந்துட்டான்னா? அவங்கம்மா வந்து சொன்னாங்களே. நான்தானே அவளைப் பின்னால உக்கார வெச்சேன். என்னோடது அவ வாயில ஒட்டிக்கிச்சுன்னா?"

அத்தனை வருடங்களில் அவளை நான் அவ்வளவு பயந்து பார்த்ததில்லை. மலைக்குப் போக நேர்ந்திருந்தால்கூட அப்படி இருந்திருக்க மாட்டாள்.

ஜோஸ்லின் இன்னும் கடைசி பெஞ்சில் இருந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு. எர்மீனியா உள்ளே போய் அவள் முன்னால் நின்றாள்.

"எனக்காக இன்னொரு தடவை வாசிம்மா."

"சரியாத்தானே வாசிச்சேன் டீச்சர்?"

"என்னோடது வேண்டாம். உன்னோடது."

அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு கதவை. "பசங்க இருக்காங்க."

"ப்ரோஃபே வெளிய நிப்பாரு. யாரும் வர மாட்டாங்க."

"உங்களுக்குக் கோவம் வராதா?"

"வராது." எர்மீனியா புத்தகத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள். "பயமா இருக்கு. ஆனா கோவம் வராது."

நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். காற்று தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது. பிறகு குரல் வந்தது, தயங்கித் தயங்கி. ஒரு வரி. இன்னொரு வரி. அப்புறம் அது சமதரையில் ஓடும் தண்ணீர்போல ஆகிவிட்டது. எனக்கு ஒரு சொல்கூடப் பிரித்தறிய முடியவில்லை. கதவின் கண்ணாடி வழியே எர்மீனியாவின் முதுகு தெரிந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் தோள் ஏறி இறங்கியது. ஆனாலும் அவள் நகரவில்லை.

செமா பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு வந்து நின்றான்.

"உள்ள யாரு பேசுறா ப்ரோஃபே?"

"பெட்டிடா. டீச்சர் பாடம் போட்டுப் பாக்குறாங்க."

"கரண்ட்டே வரலயே."

"பேட்டரி போட்டிருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். விதை மெல்வதை நிறுத்தியிருந்தான்.

"நல்ல பெட்டி," என்று சொல்லிவிட்டு, போகாமல் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றான்.