அந்த மிஸ் அடிக்கிறதே இல்லியாமே

சேக்காட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. பிள்ளைகள் நன்றாகத்தான் படித்தார்கள். ஆனாலும் ஒவ்வொருவராகப் பின் தெருவில் டியூஷன் எடுக்கும் சாரிடம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் பிரம்பை எடுத்தால் மெயின் ரோடு வரை அலறல் கேட்கும். என்னைப் பற்றித் தெருவில் மட்டுமல்ல, தெருவின் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே பேச்சு: "அந்த மிஸ் அடிக்கிறதே இல்லியாமே!" ஏதோ நான் அரிசியில் கல் கலந்து விற்கிற மாதிரி.

மிச்சமிருந்தவர்களில் ஒருத்தி எட்டாவது படித்தாள். கணக்கு என்றாலே அவளுக்குக் கண்ணைக் கட்டும். அவள் அம்மாவுக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒருநாள் வந்து நின்றார்.

"கண்ண மட்டும் வுட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க மிஸ். இந்த மாசமும் அடி வுழலன்னா அந்தாண்ட சார்கிட்ட சேத்துடுவேன்."

இவளும் போனால் மிச்சமிருந்த நாலைந்தும் பின்னாலேயே போய்விடும்; அப்புறம் முன்னறையில் நானும் மின்விசிறியும்தான். யோசனை சொன்னது அந்தப் பெண்ணேதான்.

"மிஸ், நீங்க டேபிள்ல அடிங்க. நான் கத்துறேன்."

ஒப்புக்கொண்டேன். வேறென்ன செய்வது? ஷிஃப்ட் முடிந்து அம்மா தெருமுனையில் தெரிந்ததும் மர ஸ்கேலால் மேஜையை ஓங்கி அடிப்பேன். "ஐயோ மிஸ், வலிக்குது மிஸ்!" என்று அவள் உயிர் போகிற மாதிரி கத்துவாள். மற்றதுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். வாசலில் அந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மீதி நேரமெல்லாம் தோசையைப் பிய்த்து வைத்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். பெண் கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

அரையாண்டில் கணக்கில் நல்ல மார்க். அம்மா லட்டு டப்பாவோடு வந்தார்.

"உங்க அடிதான் மிஸ் வேல செஞ்சிது. லீவு நாள்ல வுட்டுப்போவக் கூடாதுன்னு நானும் ஊட்ல கரண்டிய எடுத்துட்டேன்."

பெண்ணின் முழங்கைக்குக் கீழே நீளமாகக் கன்றிப்போயிருந்தது.

"ஐயோ, நான் இவளத் தொட்டதே இல்லம்மா! எல்லாம் நடிப்பு. ஒரு அடிகூட அடிக்கல."

அவர் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"அப்ப இந்த மார்க்கு எப்டி வந்திச்சி? காப்பி அட்ச்சியாடி?"

"இல்லம்மா," என்றாள் அவள். "எனக்குப் புரிஞ்சிதும்மா."

அது அந்த அம்மாவுக்கு நம்புகிற மாதிரி இல்லை. மறுநாளே அவளைப் பின் தெருவில் சேர்த்துவிட்டார்.