பின்சக்கர ஈரம்

எங்கள் சரவணம்பட்டி சந்தில் ஜெபமணி அக்கா யாரிடமும் 'ங்க' போடாமல் பேசியதில்லை. பள்ளிக் குழந்தைகளை ஏற்றிப்போகும் தன் ஆம்னி வேனிடமே, "கெளம்புங்க, நேரமாச்சுங்க" என்பார். அப்படிப்பட்டவர் கறுப்பனை மட்டும் "டேய்!" என்று விரட்டத் தொடங்கியபோது எனக்குச் சுருக்கென்றது. கறுப்பன் தெருநாய்தான். ஆனால் சோறு போடுவது நான்.

குற்றச்சாட்டு இதுதான்: வேனின் இடது பின்சக்கரம் காலையில் பார்த்தால் ஈரமாக இருக்கிறது.

"உங்க நாய் வேலைதானுங்க. இன்னொருக்கா செஞ்சா கார்ப்பரேஷன் நாய் வண்டிக்குப் போன் போட்டுருவனுங்க."

சொன்னால் செய்கிற ஆள். நாற்பது வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது சிரித்தவர்களின் பிள்ளைகளைத்தான் இப்போது பள்ளிக்கு ஏற்றிப்போகிறார். எனக்குப் பயமாகவே இருந்தது. கறுப்பன் இல்லாவிட்டால் என் வாசல் வெறிச்சோடிப் போகும்.

இதற்கிடையே வேனில் பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. "பழைய வண்டிங்க, குடிக்கத்தான் குடிக்கும்" என்று அக்கா ஊற்றிக்கொண்டே இருந்தார். இதையும் அந்த ஈரத்தையும் முடிச்சுப்போட அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தவர் வீட்டு முன்னால் பிரேக்கை மிதித்தார். மிதி அடிவரை போனது. வேன் கேட்டில் முட்டித்தான் நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. மெக்கானிக் மாசாணம் வந்து பின்சக்கரத்தைக் கழற்றி, அதன் பிரேக் டிரம்மை இழுத்தார். உள்ளே எல்லாம் ஆயிலில் ஊறிக் கிடந்தது.

"ஏனுங்கக்கா, நாய் வெளிய நின்னுதானுங்க காலத் தூக்கும்? இது உள்ளயிருந்து வருதுங்க."

பெருவிரல் அளவில் ஓர் உருளையைக் காட்டினார். வீல் சிலிண்டர். மிதித்தால் ஆயில் வந்து இதிலுள்ள இரண்டு பிஸ்டன்களையும் வெளியே தள்ளும். அவை பிரேக் ஷூக்களை டிரம்மோடு அழுத்த, சக்கரம் நிற்கும். ஆயில் வெளியே வராமல் பிடிக்கும் ரப்பர்தான் தேய்ந்து போயிருந்தது.

"பாத்தீங்களா!" என்று குதித்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. வேனின் காலி சீட்டுகளைப் பார்த்தார்.

"புள்ளைங்கள வெச்சுட்டுல்லங்க ஓட்டியிருக்கறேன்" என்றார். என் குதிப்பும் அடங்கிவிட்டது.

இரண்டு பக்கமும் புது சிலிண்டர், புது ஷூ. டிரம்மைத் துடைத்து மாட்டினார்கள். குழாயில் புகுந்த காற்றை எடுக்க, அக்கா மேலே மிதிக்க மிதிக்க, மாசாணம் கீழே திருகாணியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு சந்தின் கோடிவரை ஓட்டிப் பார்த்தார்கள். மிதித்த இடத்தில் வண்டி நின்றது.

அக்கா இறங்கி நேராகக் கறுப்பனிடம் போனார். கையில் ஒரு வர்க்கி பிஸ்கட்.

"தப்பா நெனச்சுப்போட்டனுங்க கண்ணு."

கறுப்பன் வர்க்கியை விழுங்கினான். வாலை ஆட்டினான். பிறகு நிதானமாக நடந்துபோய், அதே இடது பின்சக்கரத்தின் மேல் காலைத் தூக்கினான். போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏனுங்க கறுப்பா, இப்பத்தானுங்க தொடச்சு வெச்சோம்!"

திட்டிலும் 'ங்க' வந்துவிட்டது. இனி நாய் வண்டி வராது.