திருப்பிப் பார்க்காத நோட்டு

என் கண்ணை ஏமாற்றிவிட்டு ஒரு பனியன்கூட எங்கள் கம்பெனி வாசலைத் தாண்டாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. நல்லூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்கு நான் பொறுப்பு. இருபது வருடத்துக்கு மேல் ஓட்டை, கறை, நிறம் மாறிய துணி என்று குற்றம் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவனுக்குச் சாம்பாரில்கூடக் குற்றம்தான் முதலில் தெரியும். என் மனைவி இதைப் பல முறை சொல்லிக் காட்டிவிட்டாள். நான் திருந்தவில்லை.

எங்கள் கம்பெனியின் துண்டுத் துணியையும் கழிக்கப்பட்ட பனியன்களையும் எடுக்க வருகிறவர் ஒரு வேஸ்ட் வியாபாரி. பல்லடம் ரோட்டில் குடோன் வைத்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும். எல்லாருக்கும் அவர் பாய், எனக்கும் அப்படித்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு. பழைய அமெரிக்க நோட்டுகளைச் சேர்க்கிறோம்.

இன்றைக்கு இருக்கிற டாலர் இல்லை. நூற்றைம்பது வருடத்துக்கும் முன்னால், அந்த நாட்டில் உள்நாட்டுப் போர் வருவதற்கு முன், தனியார் வங்கிகள் ஆளாளுக்குத் தங்கள் பெயரிலேயே நோட்டு அடித்துக்கொண்டன. ஊருக்கு ஒரு வங்கி, வங்கிக்கு ஒரு நோட்டு. பாதி வங்கிகள் போண்டியாகி, அந்த நோட்டை வைத்திருந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார்கள். நோட்டு மட்டும் மிஞ்சியது. பெரும்பாலானவற்றில் ஒரு பக்கம்தான் அச்சு. பின்பக்கம் வெறும் காகிதம். வங்கித் தலைவரும் காசாளரும் மையில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நூல் மாதிரி மெல்லிய கோடுகளில் கப்பல், ரயில், பசுமாடு என்று படங்கள் இருக்கும்.

அந்தக் காகிதம் கந்தல் துணியை ஊறவைத்து அரைத்துச் செய்தது என்று நான் சொன்ன அன்று பாய் குதூகலித்துவிட்டார். "அட, வேஸ்ட்டுல செஞ்ச காசுங்களா? அப்பறம் என்னுங்க, அது எம்பட சரக்குத்தான்!" என்றார். அன்றிலிருந்து என்னைவிட அவருக்குத்தான் பைத்தியம் முற்றியது. கோயமுத்தூரில் நாணயக் கண்காட்சி எப்போது நடந்தாலும் இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போய்விடுவோம்.

பாயிடம் எனக்குப் பிடித்தது அவருடைய கத்தரிக்கோல். ஏற்றுமதிக்காரர்களிடம் ஒரு கறாரான வழக்கம் உண்டு. வெளிநாட்டுக் கம்பெனியின் லேபிள் தைத்த பனியன் கழிக்கப்பட்டால், அதைக் குறுக்கே வெட்டிவிட்டுத்தான் வெளியே விட வேண்டும். அது முழுசாகச் சந்தைக்குப் போய் விற்கப்பட்டது என்று தெரிந்தால் ஆர்டரே போய்விடும். முழுசாக விற்றால் வேஸ்ட்காரர்களுக்கு நல்ல லாபம் என்பதால் பலர் கண்ணைக் கட்டிவிட்டு அள்ளிக்கொண்டு போவார்கள். பாய் அப்படி இல்லை. நான் ரிஜெக்ட் என்று சொன்னால் போதும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக வெட்டுவார். அது ஏன் ரிஜெக்ட் என்று ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை.

மூன்று வருடம் தேடி அவர் ஒரு நோட்டை வாங்கினார். தெற்கு மாநிலம் ஒன்றின் வங்கி வெளியிட்டது. நடுவில் பருத்திக் காடு. தலையில் கூடை நிறையப் பருத்தியோடு ஓர் ஆள். அந்த ஆள் அடிமை என்றும், அவன் எடுத்த பருத்தியில் ஒரு கொட்டைகூட அவனுக்குச் சொந்தமில்லை என்றும் நான் சொன்னேன். பாய் நோட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, "இவன் மூஞ்சியக் கோவமாத்தான் வரைஞ்சிருக்கறாங்க, பாத்தீங்களா சார்?" என்றார். நான் அதுவரை அந்த முகத்தைக் கவனித்திருக்கவில்லை.

கோயமுத்தூர் சேகரிப்பாளர்கள் அடுத்த கண்காட்சியில் அவருக்கு ஒரு மேசை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேஸ்ட் வியாபாரிக்குத் தனி மேசை! நடுவில் வைக்கப் போவது இந்த நோட்டுத்தான். ஆனால் அவருக்கு உள்ளூர ஓர் உதறல். இந்த நோட்டுகளில் போலியும் நிறைய நடமாடும். பெரிய மனிதர்கள் நாலு பேர் நின்று சிரித்துவிட்டால் என்ன செய்வது? ஒரு சனிக்கிழமை நோட்டோடு எங்கள் கம்பெனிக்கு வந்தார்.

"ஒருக்கா உங்க லைட்டுல வெச்சுப் பாத்துச் சொல்லிப்போடுங்க சார். நீங்க சொன்னாச் சரிங்க."

துணியின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் ஒரு லைட் பாக்ஸ் உண்டு. சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், யு.வி. வெளிச்சம் என்று தனித்தனி விளக்குகள். யு.வி.யைப் போட்டால், வெள்ளைத் துணி பளிச்சென்று தெரிவதற்காகச் சாயப்பட்டறையில் ஏற்றுகிற பவுடர் நீலமாக ஒளிரும். இந்தக் காலக் காகிதத்திலும் அந்தப் பவுடர் உண்டு. அந்தக் காலக் காகிதத்தில் கிடையாது. அது கருங்கல் மாதிரி இருண்டு கிடக்கும். போலி பிடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

நோட்டு அப்பழுக்கில்லாமல் இருந்தது. மடிப்புக் கோடுகூட இல்லை. "கசங்கலா இருந்துச்சுங்க. உங்ககிட்ட வரதுக்கு முன்னாடி ஒரு தட்டுத் தட்டிட்டு வந்தனுங்க" என்றார் பாய். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சுவிட்சைப் போட்டேன். பருத்திக் காடு, கூடைக்காரன், கையெழுத்துகள் எல்லாவற்றையும் சுற்றி நீல வெளிச்சம் பூத்தது.

பாய் பெட்டியை நெருங்கி வந்து குனிந்தார். அவருக்கும் அந்த நீலத்தின் அர்த்தம் தெரியும்.

"பின்னாடியும் ஒருக்காப் பாத்தர்லாமுங்களா சார்?"

"பின்னால வெறும் காயிதம் பாய். அதுல என்ன இருக்குது? இது டூப்ளிகேட். ரிஜெக்ட்."

அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குற்றம் பிடிபட்டால் வருகிற பழைய சந்தோஷம். எனக்குக் கிடைக்காத மேசை அவருக்குக் கிடைத்திருந்தது என்பதும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். பாய் நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நல்லவேளைங்க, மானம் தப்புச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். மேசை வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்று வாரம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை, குழந்தைத் துணி ஆர்டர் ஒன்று செக்கிங்கில் இருந்தது. பவுடர் ஏற்றாத, பருத்தியின் சொந்த நிறத்திலேயே விட்ட துணி. யு.வி.யில் இருட்டாகத்தான் தெரிய வேண்டும். நான் எடுத்த சட்டையின் முன்பக்கத்தில் திட்டுத் திட்டாக நீலம். திருப்பினேன். உள்பக்கம் இருட்டு. துணியே தப்பு என்றால் இரண்டு பக்கமும் ஒளிர வேண்டுமே என்று அயர்ன் மாஸ்டரைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "கசங்கல் போகலைன்னு வெள்ளப் பனியன் துணிய நனைச்சு மேல போட்டுத் தேச்சிருப்பாங்க சார். அந்தத் துணில இருக்கற பவுடர் சூட்டுக்கு இதுல எறங்கீரும். மேலாப்பலதான், உள்ள போவாது."

கையில் சட்டையோடு அப்படியே நின்றேன். ஒரு தட்டுத் தட்டிட்டு வந்தனுங்க. பாய் அன்றைக்குச் சொன்னது இஸ்திரிப் பெட்டியைத்தான். அவர் குடோனில் எந்தப் பக்கம் கை நீட்டினாலும் வெள்ளைப் பனியன் துணிதான். கசங்கிய எதையும் இந்த ஊர்க்காரன் அப்படித்தான் தேய்ப்பான். நோட்டை மேசையில் மல்லாக்க வைத்து, நனைத்த துணியை மேலே போட்டுத் தேய்த்திருக்கிறார். நீலம் துணியிலிருந்து வந்தது. காகிதத்தில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள நோட்டைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். எங்களிடம் புதிதாகச் சேருகிற பெண்ணுக்கு முதல் நாள் சொல்லித்தருகிற பாடமே, உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் எதையும் கழிக்காதே என்பதுதான்.

அப்புறம்தான் அந்தக் கத்தரிக்கோல் ஞாபகம் வந்தது.

பாய்க்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். மணி ஒன்று, ஜும்மா தொழுகை நேரம். யு.வி. டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். பல்லடம் ரோட்டில் கோழி வண்டிகளுக்கும் தனியார் பஸ்களுக்கும் நடுவே எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. வெட்டியிருக்க மாட்டார், ஆசையாக வாங்கினதை யாராவது வெட்டுவார்களா என்று சொல்லிக்கொண்டே போனேன். பாயைத் தெரிந்தவன் அப்படிச் சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை என்றும் தெரிந்திருந்தது.

குடோன் பூட்டியிருந்தது. அரை மணி நேரம் வெயிலில் நின்றேன். தொழுகை முடிந்து தொப்பியோடு வந்த பாய் என்னைப் பார்த்துப் பதறிவிட்டார். "ஏனுங்க சார், இந்த வெயில்ல? ஊட்டுல எல்லாரும் நல்லாத்தான இருக்கறாங்க?"

"பாய், அந்த நோட்டு எங்க?"

அவர் பூட்டைத் திறந்து மேசை டிராயரை இழுத்தார். கத்தரிக்கோலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் இரண்டு துண்டுகள். குறுக்கே, நேராக, பனியனை வெட்டுகிற அதே வெட்டு. கூடை ஒரு துண்டில் இருந்தது, அதைச் சுமந்தவன் இன்னொரு துண்டில்.

"அன்னைக்கே வெட்டிப்போட்டனுங்க. நீங்க ரிஜெக்ட்டுன்னு சொன்னீங்க. முழுசா வெச்சிருந்தா, எனக்கப்பறம் எவனாச்சும் நெசம்னு யாரு தலையிலயாவது கட்டீருவானுங்க. பாவமில்லீங்களா? வேஸ்ட்டுல போடத்தான் மனசு வரல."

எதுவும் சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. போலியை வெட்டினோம் என்ற நிம்மதியாவது அவருக்கு இருக்கட்டுமே என்று. ஆனால் அந்த நிம்மதி எனக்குத்தான் வேண்டியிருந்தது. ஷட்டரை இறக்கச் சொன்னேன். இருட்டில் டார்ச்சை அடித்தேன். முன்பக்கம் நீலம். இரண்டு துண்டுகளையும் திருப்பினேன். ஒன்றுமில்லை. இருட்டு. நல்ல, பழைய, கந்தல் காகிதத்தின் இருட்டு.

பாய்க்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. துணிக்காரர், ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். டார்ச் வெளிச்சத்தில் அவர் விரல் அந்த வெட்டின் மேல் மெதுவாகப் போய் வந்தது.

"என்னை மன்னிச்சிருங்க பாய். நீங்க அன்னைக்கே கேட்டீங்க. நான்தான் பாக்கல."

"தேச்சது நானுங்க. வெட்டுனதும் நானுங்க" என்றார். பிறகு ஷட்டரை மேலே தள்ளிவிட்டு, எனக்கு மோர் வாங்கி வர வெளியே போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இப்போதும் வாராவாரம் வருகிறார். சிரிக்கிறார், கண்காட்சிக்கு என்னோடு பஸ்ஸில் வருகிறார். எங்கள் பேச்சில் அந்த நோட்டு வருவதே இல்லை. கழித்த பனியன்களை வெட்ட முன்புபோலவே தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறார். ஒரே ஒரு மாற்றம். கத்தரிக்கோலை வைப்பதற்கு முன் ஒவ்வொரு பனியனையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, விரித்து, என் முகத்துக்கு நேரே பிடிக்கிறார்.

"பாத்துட்டீங்களா சார்? வெட்டீரட்டுங்களா?"

ஒவ்வொரு பனியனுக்கும் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் நான் பார்த்துவிட்டேன் என்று வாய்திறந்து சொன்ன பிறகுதான் வெட்டுகிறார்.